ஊசி மிசியின் கீறல் வைத்தியம்

குடாநாட்டில் ஊசி மிசியைக் கண்டு ஒளிக்காத உயிர் ஒன்றுமே இருந்ததில்லை. பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே ஒளித்தார்கள். பெரிய மனிசர் வாழைத்தோட்டத்துக்குள் ஒளித்தார்கள். ஊர் விதானையார் ஒருமுறை கோயில் மடைப்பள்ளிக்குள் போய் ஒளித்திருந்து, அன்றைய பூசையையே பிந்த வைத்தார். அவ தெரு ஒழுங்கைக்குள் வந்தால் மாடுகள்கூடப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பார்கள். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் முழுக்க நம்புகிறேன்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், வயிறு எரிகிறது. அண்மையில் பட்டணத்து ஹோட்டல் மண்டபம் ஒன்றில் ஒரு கூட்டம். மருமகள் அங்கே வேலை செய்கிறபடியால் நானும் போய் ஒரு மூலையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் மேடையேறி, இளையோருக்கான ஓவியவழி உளச்சிகிச்சை என்பது எங்கள் மண்ணுக்குப் புத்தம் புதிது, இதை முதன்முதல் கொண்டுவருவது தாங்கள்தான் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. நீர் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நீர்வேலியில் இது நடந்து முடிந்துவிட்டது ஐசே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவன். மைக்கைக் கண்டால் பின்னுக்குப் போகிறவன். எடுத்த வாய்க்குள் கையிலிருந்த வடையைப் போட்டு அடைத்தேன். அந்த வடை இன்றுவரை செமிக்கவில்லை.

எங்களூரில் தாதிமாரை மிசி என்போம். இவ பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலம் முழுக்க வேலை செய்து, ஓய்வுபெற்று, நீர்வேலியில் தமையன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தவ. வந்து சேர்ந்தாவே தவிர ஓய்வு என்ற சொல் அவவுக்கு விளங்கவில்லை. வெள்ளைச் சீலை, ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுத்தக் குடை, ஊசியும் ஸ்பிரிட்டும் கிடக்கிற ஒரு தோல்பை. இந்த மூன்றும் ஒழுங்கையில் தெரிந்தால் ஊர் காலியாகிவிடும். மற்றவர்கள் சந்தித்தால் சுகமோ என்று கேட்பார்கள். மிசி நாக்கை நீட்டச் சொல்லுவா. கலியாண வீட்டில் மணவறையில் இருந்த மாப்பிள்ளையையும் நீட்டச் சொல்லி, ஈரல் சரியில்லை என்று பெண் வீட்டாருக்கு முன்னால் அறிவித்தவ. எதையும் அவிக்காமல் தொடமாட்டா. ஒருமுறை நல்ல கப்பல் வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் பானைக்குள் போட்டு அவித்துவிட்டுத்தான் தின்றா.

நான் அப்போது ஊர்ச் சனசமூக நிலையத்தின் கதவுத் திறப்பை வைத்திருந்தவன். காலையில் கதவைத் திறந்து கூட்டி, வந்த பேப்பரை மேசையில் விரித்து, பின்னேரம் பூட்ட வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் பயப்படுவதற்கு இந்தச் சின்ன வேலையே எனக்குக் காணும். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் பயம். வராத நாளில் ஏன் இன்னும் வரவில்லை என்று பயம். திறப்பு துலைந்துபோகுமோ என்று பயந்து அதை அரைநாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். எல்லாவற்றையும்விட நிலையத் தலைவருக்குப் பயம். அவர் கொழும்புக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து வந்தவர். கதவைப் பூட்டுவதற்கும் இங்கிலிசில்தான் கட்டளை போடுவார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது வடக்கே வசாவிளான் பக்கத்து ஊர்ச் சனம் முழுவதும் எழும்பி எங்கள் பக்கம் வந்தது. கோயில் மடம், பள்ளிக்கூடம், வாழைத்தோட்டத்துக் கொட்டில், எல்லா இடமும் ஆட்கள். கரண்ட் இல்லை, சோப் இல்லை, மருந்தும் வந்து சேருவதில்லை. மிசி பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போனா. போனவ பின்னேரமே நிலையத்துக்குள் புயல்போல நுழைந்து, குடையால் மேசையில் ஒரு அடி போட்டா. நான் செல் குண்டு விழுந்ததாக்கும் என்று இருந்த வாங்குக்குக் கீழே போய்விட்டேன்.

"வெளியாலை வா. உந்தப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நாக்கு நல்லாக் கிடக்கு. ஆனா ஒண்டும் நித்திரை கொள்ளுதில்லை. மீசை அரும்பின பொடியள் பாயை நனைக்கிறாங்கள். கதவு அடிச்சுச் சாத்தினாப் பெட்டையள் விழுந்து படுக்குதுகள். இதுக்கு நான் எந்த ஊசியைக் குத்த?"

ஊசியால் மாறாத வருத்தம் ஒன்று உலகத்தில் இருப்பதை அவ தன்னை அவமதித்ததாகவே எடுத்துக்கொண்டா. பிறகு கதையைச் சொன்னா. முந்தி மனநோயாளர் விடுதியில் அவ வேலை செய்தபோது ஒரு டொக்டர் இருந்தாராம். நோயாளிகளுக்குக் கடுதாசியும் பெயின்ற்றும் கொடுத்துப் படம் கீற விடுவாராம். பெயின்ற் தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனது மிசி. இந்தாளுக்கும் ஒரு கட்டில் போட்டால் நல்லது என்று அப்போது நினைத்தாவாம். ஆனால் கீறின ஆட்கள் நித்திரை கொண்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறதாம்.

அதனால் நிலையத்து மண்டபம் வேண்டும், பின்னேரங்களில், உடனே. தலைவர் ஆயிரம் நொட்டை சொன்னார். சுவர் பழுதாகும் என்றார், பேப்பர் வாசிக்கிற ஆட்களுக்கு இடைஞ்சல் என்றார். கடைசியாக, உங்களுக்குப் படம் கீறத் தெரியுமோ என்று கேட்டார். மிசி சோக்கட்டி ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் ஒரு பசுமாடு கீறிக் காட்டினா. நல்ல வாங்கு, நாலு பேர் இருக்கலாம் என்று நான் மனதாரப் பாராட்டினேன். அன்று என்னை அவ பார்த்த பார்வையில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. தலைவருக்கோ, மறுத்தால் தன் நாக்கை நீட்டச் சொல்லிவிடுவாவோ என்று பயம். சம்மதித்தார்.

அடுத்தது அறிவித்தல். மிசி சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுதி வாசல் படலையில் தொங்கவிட்டேன். மனம் நொந்த பிள்ளைகளுக்கு இங்கே கீறிச் சுகப்படுத்தப்படும், இலவசம், மிசி முன்னிற்பார். இவ்வளவுதான். இதில் என்ன பிழை? எங்கள் பக்கத்தில் படத்தைக் கீறுவது என்றுதான் சொல்வோம். கட்டியைக் கீறுவது என்றும் சொல்வோம், அதற்கு நான் என்ன செய்ய? சொன்னது அவ, எழுதினது நான், ஆனால் இன்றுவரை பழி எனக்கு.

மறுநாள் மடத்தில் ஒரு பிள்ளையையும் காணவில்லை. ஊசி மிசி கத்தியும் எடுத்துவிட்டா, பிள்ளைகளின் தலையைக் கீறிப் பயத்தை வெளியே எடுக்கப்போறா என்று தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் படலையில் வரிசை நின்றது. பிடரியில் கட்டி வந்தவர், குதிக்காலில் முள்ளுக் குத்தினவர், நகச்சுற்று வந்த பூசகர், சைக்கிளில் சண்டிலிப்பாயிலிருந்து பொயிலை விற்க வந்து இலவசம் என்ற சொல்லைக் கண்டு நின்றுவிட்ட ஒருவர். அவருக்கு முதுகில் தேங்காய் அளவில் ஒரு கட்டி. மிசி ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கத்தியை அவித்துக் கட்டிகளைக் கீறினா. கட்டுப் போட்டதும் ஆளாளுக்கு ஒரு கரித்துண்டும் கடுதாசியும் கொடுத்து, வந்தது வந்தியள், ஒரு படத்தையும் கீறிப்போட்டுப் போங்கோ என்றா.

எங்கள் குடாநாட்டின் ஓவியச் சிகிச்சை, கட்டி வந்த கிழவர்களோடுதான் தொடங்கியது என்பதை அந்தக் கழுத்தட்டைக்காரருக்கு யாராவது சொல்லுங்கள். சண்டிலிப்பாய்க்காரர் தான் வித்துப்போட்ட எருதைக் கீறினார். கீறிவிட்டுக் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த கிழமையும் அவரைப் படலையில் கண்டேன்.

"திரும்பவும் கட்டியோ அண்ணை?"

"இல்லைத் தம்பி, முதுகு நல்லாப் போச்சு. சும்மா கீற வந்தனான்."

இதைக் கேட்டு ஊர் சிரித்தது. சிரித்தபடியே பிள்ளைகளை அனுப்பத் தொடங்கியது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கீறுதல் என்பது கொச்சை, ஓவியம் வரைதல் என்று அறிவித்தலை மாற்றி எழுது என்று என்னை உறுக்கினார். மிசி விடவில்லை. வரைஞ்சு ஆருடைய நோவும் மாறினதாகத் தான் கேள்விப்படவில்லை என்றும், கீறினால்தான் உள்ளே கிடக்கிறது வெளியே வரும் என்றும் சொல்லி அட்டையைத் திரும்பக் கொழுவினா.

பிள்ளைகள் வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே படத்தைக் கீறினார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஆற்றில் ஓடம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பிப்பது. மிசிக்கு முகம் சிவந்தது. ஒரு பொடியனைப் பிடித்து, வசாவிளானிலை எங்கையடா மலை கண்டனி என்று கேட்டா. அவன் யோசித்துப் பார்த்து, கறையான் புற்று ஒன்று இருந்தது மிசி என்றான். அப்ப அதைக் கீறு என்றா. அன்றிலிருந்து மண்டபத்தில் மலை தடை. கண்டதைக் கீறவேண்டும், காணாதது கூடாது. மலைகள் போனதும் மற்றதெல்லாம் வரத் தொடங்கின. எரிந்த வீடு, காலில்லாத கதிரை, பங்கருக்குள் இருந்து பார்த்தால் தெரிகிற துண்டு வானம்.

இன்னொரு தடையும் இருந்தது. அழகைச் சொல்கிற வடிவு என்ற சொல்லை அங்கே எவரும் சொல்லக்கூடாது. சொன்னவர் கிணற்றடிக்குப் போய் எல்லாத் தூரிகையையும் கழுவ வேண்டும். ஒருநாள் தலைவர் வந்து பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்வையிட்டு, மிக வடிவு, மிக வடிவு என்றார். மிசி தூரிகைச் சிரட்டையை அவர் கையில் கொடுத்தா.

"பகிடியே மிசி?"

"புண்ணைப் பாத்து வடிவெண்டு சொல்லுவியளோ? போய்க் கழுவுங்கோ."

கழுவினார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்ததை நான் யன்னலால் பார்த்தேன். பார்த்ததை அவர் கண்டுவிடுவாரோ என்ற பயத்தில் நன்றாகச் சிரிக்க முடியாமல் போனதுதான் கவலை.

பெயின்ற்றுக்கு எங்கே போவது? கரி, செங்கட்டித் தூள், மஞ்சள், சீலைக்குப் போடும் நீலம். மண்ணிறத்துக்கு வாழைக் கயர். வாழைத்தண்டை வெட்டினால் வடிகிற பால்தான் கயர். உடுப்பில் பட்டால் உடுப்புக் கிழிந்தாலும் கறை போகாது. சோப் இல்லாமல் பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலத்தில் இந்த மனிசி ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் கயரில் குளிப்பாட்டினா. தாய்மார் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். பிள்ளை ராத்திரி நித்திரை கொண்டதோ என்று மிசி கேட்டா. கொண்டது, ஆனால் சட்டை என்றார்கள். அப்ப சட்டையை நித்திரை கொள்ள விடு, அதுக்கென்ன என்று கதவைச் சாத்தினா. என்னிடம் இருந்த ஒரேயொரு வெள்ளைச் சேர்ட்டும் அந்தக் காலத்தில்தான் போனது. அதற்கு இன்றுவரை எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்துக்குள் வதனி என்று ஒரு பிள்ளை. பதினாறு வயது. வசாவிளானிலிருந்து தாயோடு வந்தவள். கதைப்பது குறைவு. சாப்பாடு அதைவிடக் குறைவு. தாய் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருப்பா. வதனி வந்த நாள் தொட்டு ஒரே படம்தான் கீறினாள். ஒரு முருங்கை மரம், மரத்தில் கட்டின நாய், நடுவில் கயிறு. மரத்தையும் நாயையும் இரண்டு கோட்டில் முடித்துவிடுவாள். கயிற்றை மட்டும் பின்னேரம் முழுக்க இருந்து கீறுவாள், ஒவ்வொரு புரியாக.

தாய்தான் ஒருநாள் மிசியிடம் சொல்லி அழுதா. செல்லடி தொடங்கின காலை, பின்னேரம் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் வீட்டை விட்டு எழும்பினார்களாம். நாய் பின்னால் ஓடிவந்து றோட்டில் அடிபட்டுவிடும் என்று வதனி அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தாளாம். வீமன் என்று பெயர். அந்தப் பின்னேரம் வரவேயில்லை. மாதங்கள் போய்விட்டன. ஊர் ஆமியின் கையில். சோற்றுக் கோப்பையைக் கண்டால் பிள்ளை முகத்தைத் திருப்புகிறாள் என்றா.

மிசி அடுத்த நாள் வதனிக்குப் பெரிய கடுதாசியாகப் பார்த்துக் கொடுத்தா. அவ்வளவுதான்.

அந்தக் கிழமைதான் தலைவர் இரண்டு சேதியோடு வந்தார். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஆட்கள் பிள்ளைகளின் வகுப்பைப் பார்க்க வருகிறார்களாம். அது ஒன்று. வந்து பார்க்கிறவர்களுக்கு எரிந்த வீட்டையும் உடைந்த கதிரையையும் காட்டினால் ஊருக்கு மரியாதை இல்லையாம். அது மற்றது. மிசியின் சட்டம் தெரியாத சின்னப் பிள்ளைகள் சிலரைப் பிடித்துப் பழையபடி மலையும் சூரியனும் கீறுவித்துச் சுவர் முழுக்க ஒட்டினார். பிறகு வதனிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நாய் நன்றாக வந்திருக்கிறது பிள்ளை, அந்தக் கயிறு தேவையில்லை, அழித்துவிட்டால் வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று சொல்லி, தானே துணியை எடுத்துக் கயிற்றைத் துடைக்கப் போனார்.

மிசி குடையை நீட்டி அவர் கையைத் தடுத்தா.

"கையை எடும். உந்தக் கயிறை அவிழ்க்கிறதெண்டால் இஞ்சை இருந்து துடைச்சு அவிழ்க்கேலாது. அங்கை போய்த்தான் அவிழ்க்கவேணும்."

கோபத்தில் விழுந்த சொல்தான். ஆனால் வதனி தலையை நிமிர்த்தி மிசியைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் அவள் ஒருவரை நேரே பார்த்தது அதுதான் முதல்முறை. நான் கண்டேன். மிசியும் கண்டா. உடனே என் சைக்கிளை ஒளிக்க இடம் பார்த்தேன். ஏனென்றால் மிசியை எனக்குத் தெரியும். வாயால் ஊசி என்று சொன்னால் ஊசி விழுந்தே தீரும்.

வெள்ளைக்காரர் வருகிற அன்று காலை, மிசி படலையில் குடையோடு நின்றா. சைக்கிளை எடு என்றா. எங்கே என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். வசாவிளானுக்கு என்றா. எனக்குத் தடிமனும் தும்மலும், சைக்கிளுக்குக் காற்றில்லை, திறப்பை யாரிடம் கொடுப்பது, வெள்ளைக்காரருக்கு ஆர் கதிரை போடுவது என்று என்னென்னவோ சொன்னேன். அதற்குள் அவ கரியரில் ஏறி இருந்துவிட்டா.

எதிர்க்காற்று. பின்னால் குடையை விரித்தபடி ஒரு மனிசி. நான் மிதித்த மிதிக்கு அந்தச் சைக்கிள் கொழும்புக்கே போயிருக்கவேண்டும். புன்னாலைக்கட்டுவன் தாண்டும்போதே சனம் குறைந்தது. பிறகு வீடுகள் இருந்தன, ஆட்கள் இல்லை. கடைசியாகக் காவலுக்கு நின்ற இயக்கப் பொடியள் மறித்தார்கள். முன்னுக்கு நின்றவனுக்கு இருபது வயது இராது.

"அம்மா, இஞ்சாலை வரேலாது. அங்காலை ஆமி நிக்கிறான்."

"நிண்டால் நிக்கட்டும். நான் ஆமியைப் பாக்கப் போகேல்லை. ஒரு நாயைப் பாக்கப் போறன்."

"நாயோ?"

"ஓம். கட்டினபடி நிக்குது. சண்டை துவங்கின அண்டு தொட்டு."

அவன் என்னைப் பார்த்தான். நான் சைக்கிள் மணியைப் பார்த்தேன். மிசி அவனுடைய சட்டைக் கையை உயர்த்தி மேற்கையைத் தடவிப் பார்த்து, உனக்கு அம்மைப்பால் கட்டினது நான்தான், தழும்பிலேயே தெரிகிறது, அண்டைக்கும் இப்படித்தான் வழிமறித்துக் கத்தினாய் என்றா. துவக்கு வைத்திருந்த பொடியன் மற்றக் கையால் அந்தத் தழும்பைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனான். உலகத்தில் யாருக்கும் பயப்படாதவர்கள் என்று நாங்கள் நம்பியிருந்த பொடியள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்.

"அம்மா, அது இவ்வளவு நாளைக்கு இருக்காதம்மா."

"தம்பி, நான் மிசி. எது இருக்கும், எது இராதெண்டு எனக்குத் தெரியும். இருக்கோ இல்லையோ, கயிறு அவிழ்க்கவேணுமெல்லே?"

மறுமொழி வந்தது ஆமியின் பக்கத்திலிருந்து. செல் கூவிக்கொண்டு வந்து தோட்டத்துக்குள் விழுந்தது. பொடியன் எங்களைத் தள்ளி வாய்க்காலுக்குள் விழுத்தினான். நான் முகத்தைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் வானம் கறுப்பாக இருந்தது. மிசி எனக்கு மேல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தா. செல்லுக்குக் குடை பிடித்த மனிசியை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை. அதைவிட வெட்கம், எனக்கு அந்தக் குடைக்குக் கீழே பயம் குறைந்ததுதான்.

அடங்கின பிறகு பொடியன், என்னாலை ஏலாதம்மா, குறை நினையாதேங்கோ என்றான். மிசி குடையின் சேற்றை உதறினா. பிறகு கரியரில் ஏறினா.

வழி முழுக்க நான் கெஞ்சினேன். அவிட்டுவிட்டேன் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கோ, நாய் ஓடிப்போய்விட்டது என்று சொல்லுங்கோ, ஆருக்கு நட்டம் என்றேன். ஊர் எல்லை வரும்வரை மிசி என்னைக் கெஞ்சவிட்டா. பிறகு சொன்னா, "மருந்தெண்டு சொல்லித் தண்ணியைக் குத்தினவை ஆஸ்பத்திரியிலை இருந்தவை. நான் குத்தினதில்லை."

மண்டபத்துக்குள் போனால் வெள்ளைக்காரர் வந்திருந்தார்கள். ஒரு பெண்மணியும் ஒரு நெட்டையரும். தலைவர் சுவரில் இருந்த மலைகளை ஒவ்வொன்றாகக் காட்டி இங்கிலிசில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். சேறு சொட்டச் சொட்ட நாங்கள் உள்ளே வர, எல்லாம் நின்றது. ஊருக்கு விசயம் அதற்குள் தெரிந்திருந்தது. வதனி எழும்பி நின்றாள். தலைவர் ஓடிவந்து, அவிழ்த்தாச்சு எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ மிசி, ஆக்கள் பாக்கினம் என்று காதுக்குள் சொன்னார். அன்று அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று எனக்கும் பட்டது.

மிசி அவரைத் தாண்டிப் போய் வதனிக்கு முன்னால் நின்றா.

"பிள்ளை, போனனான். அவங்கள் விடேல்லை. நான் அவிழ்க்கேல்லை. எனக்கும் கோவமாத்தான் கிடக்கு. நீயும் கோவப்படு. அழுறதெண்டா அழு. ஆனா நீ கட்டினது அதைக் காப்பாத்த. அதை மறக்காதை."

வதனி வாய் திறந்து கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்ததை நாங்கள் எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. கத்திக்கொண்டே கயர்ச் சிரட்டையை எடுத்துச் சுவரில் வீசினாள். இன்னொன்று. இன்னொன்று. தலைவரின் மலைகள் எல்லாவற்றிலும் மண்ணிறத்தில் வழிந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி இது என்ன என்று கேட்க, தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மலையில் மழை பெய்கிறது என்று விளங்கப்படுத்தினார்.

கத்தி ஓய்ந்ததும் வதனி நிலத்தில் இருந்து கடுதாசியை இழுத்தாள். வெள்ளைக்காரர் போனார்கள், வாய்க்கால் கதையையும் குடைக் கதையையும் நான் எல்லாருக்கும் சொன்னேன், அவள் எழும்பவில்லை. பொழுதுபடும்போது தாய் பாணும் சம்பலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தா. வதனி ஒரு கையால் கீறிக்கொண்டு மறுகையால் பிய்த்துத் தின்றாள். தாய் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு இருந்தா.

படத்தில் அதே முருங்கை, அதே நாய். கயிறும் அப்படியே. ஆனால் அந்த மரத்தை நோக்கி ஒரு நீளமான றோட்டு வந்திருந்தது. றோட்டில் ஒரு மனிசி, வீடளவு குடையோடு. மிசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. கண்ணைத் துடைக்க மறந்துவிட்டா.

"என்ரை குடை உவ்வளவு பெரிசே?"

வதனி என் பக்கம் விரலைக் காட்டினாள். "உந்த அண்ணைக்கும் சேர்த்தெல்லே பிடிச்சனீங்களாம்."

மண்டபமே சிரித்தது. அவளும்.

வகுப்பு தொண்ணூற்றைந்தில் ஊரோடு நாங்கள் எல்லாரும் எழும்பும் வரை நடந்தது. தலைவர் இப்போது கனடாவில். அங்கே ஒரு பாராட்டு விழாவில் அந்த வகுப்பைத் தொடக்கினவர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மிசி போய்ச் சேர்ந்து கனகாலம். எந்த மண்டபத்திலும் எவரும் அவவின் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல நினைத்தாலும் பெயர் தெரிந்தால்தானே.

வதனியின் அந்தப் படத்தில் மிசிக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கால் இரண்டும் நடுங்குகிற மாதிரிக் கோடு வளைந்து வளைந்து போகும். அது நானில்லை, எனக்கு அவ்வளவு பெரிய காது இல்லை என்று அன்றைக்கு எல்லாருக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மிசிக்குப் பக்கத்தில் ஆரையாவது கீறத்தான் வேண்டுமென்றால், என்னையே கீறட்டும்.